கோட்டுக்குள்ளே கொஞ்ச நேரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரிதான் பதில் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடாமல் கலரிங் கேள்விகளுக்கே முழு இடத்தையும் கொடுத்துவிடுகிறேன். நானும் ஆறு வருடமாகக் கலர் பென்சிலோடு உட்காருகிறவள்தான், அதனால் கேட்டதற்கு மேலேயும் கொஞ்சம் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 46. மகள் தொடாமல் போட்டுவிட்ட கலரிங் புத்தகம் ஒன்றை ஒருநாள் சும்மா எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அரை மணி நேரம் அதில்தான் போகிறது. "என்ன, திரும்பவும் ஸ்கூல்ல சேர்ந்துட்டியா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். கூச்சமாக இருப்பதால் புத்தகத்தைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இது வயதுக்குப் பொருந்தாத காரியமா?

பதில்: ஒளித்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். புத்தகத்தையும் பென்சில் டப்பாவையும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேஜை மேலேயே வையுங்கள். கேட்கிறவர்களுக்கு நீளமாக விளக்கம் சொல்லவும் வேண்டாம், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றால் போதும்.

கலரிங் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று ஆனது ரொம்பப் பிற்பாடுதான். அச்சு இயந்திரம் கறுப்பு மையை மட்டும் பதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் நிலப்படங்களுக்கும் மூலிகைப் புத்தகங்களுக்கும் ஒவ்வொரு பிரதியாகக் கையால்தான் நிறம் ஏற்றினார்கள். அதைப் பிழைப்பாகச் செய்தவர்களும் உண்டு, வீட்டில் பொழுதுபோக்காகச் செய்த பெரிய மனிதர்களும் உண்டு. குழந்தைகளுக்கென்றே வண்ணம் தீட்டும் புத்தகங்களை நியூயார்க்கில் மெக்லாக்லின் பிரதர்ஸ் என்ற பதிப்பகம் பரவலாக்கியது 1880-களில். அப்புறம் அது பள்ளிக்கூடப் பையோடு ஒட்டிக்கொண்டது. 2013-ல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜோஹன்னா பாஸ்ஃபோர்ட் பெரியவர்களை மனதில் வைத்து, மயிரிழைக் கோடுகளாக வரைந்த தோட்டப் படங்களின் புத்தகம் வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. 2015-ல் இந்த மாதிரிப் புத்தகங்கள் நாவல்களை எல்லாம் முந்திக்கொண்டு விற்பனைப் பட்டியலில் மேலே போய் நின்றன. வாங்கியவர்கள் எல்லோரும் உங்களையும் என்னையும் மாதிரி வேலை, குடும்பம், பில் கட்டுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்கள்தான்.

அந்த அரை மணி நேரம் உங்களுடையது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 34. "மனஅழுத்தம் போக்கும்" என்று அட்டையிலேயே அச்சடித்துக் கலரிங் புத்தகம் விற்கிறார்கள். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா, இல்லை வியாபாரம் மட்டும்தானா?

பதில்: வியாபாரமும் இருக்கிறது தம்பி, உண்மையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பார்ப்போம்.

2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 84 கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, அவர்கள் வாழ்க்கையில் ரொம்பப் பயந்துபோன சம்பவம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் பதற்றம் ஏறியிருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் மூன்று குழுவாகப் பிரித்து 20 நிமிடம் வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வட்டத்துக்குள் அடுக்கடுக்காக வடிவங்கள் உள்ள மண்டலப் படம். இன்னொரு குழுவுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட படம். மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத் தாள், இஷ்டத்துக்கு வரையலாம். மண்டலமும் கட்டமும் வாங்கியவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது, வெள்ளைத் தாள் வாங்கியவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2012-ல் வேறு சிலர் இதையே திரும்பச் செய்து பார்த்தபோது கட்டத்தைவிட மண்டலம் கூடுதலாக உதவியது.

அந்த வெள்ளைத் தாள் விஷயத்தை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். வெள்ளைத் தாள் நம்மிடம் எல்லாவற்றையும் கேட்கிறது. என்ன வரைவது, எங்கே ஆரம்பிப்பது, வரைந்தது நன்றாக இருக்கிறதா... ஏற்கெனவே களைத்துப்போன மனதுக்கு இது இன்னொரு வேலை. கோடு போட்ட படமோ கேள்வியைச் சின்னதாக்கித் தருகிறது: இந்த இதழுக்கு ரோஸா, ஊதாவா? அவ்வளவுதான். மனம் அலையாமல் நிற்க இந்த அளவு வேலை போதும், களைத்துப்போகிற அளவுக்கு இது பெரியதும் இல்லை. "நாளைக்கு மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது" என்ற நினைப்பு அப்போதும் வரத்தான் செய்யும், ஆனால் வந்துவிட்டுப் போய்விடும், நாற்காலி போட்டு உட்காராது.

2017-ல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இளம்பெண்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்குத் தினமும் 10 நிமிடம் கலரிங், இன்னொன்றுக்குத் தினமும் 10 நிமிடம் சுடோகு மாதிரியான புதிர்கள் என்று ஒரு வாரம் கொடுத்தார்கள். கலரிங் செய்தவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் இரண்டின் மதிப்பெண்ணும் குறைந்தது. இவை எல்லாம் சின்ன ஆய்வுகள், கொஞ்ச நாள் நடந்தவை. ஆகையால் அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பி மலையளவு எதிர்பார்க்காதீர்கள். படுக்கப் போவதற்கு முன் 20 நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் செய்து பாருங்கள். உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆரம்பிக்க ஆசை. ஆனால் 120 கலர் பெட்டி, பிரஷ் பேனா, மார்க்கர், ஜெல் பேனா என்று பார்த்தாலே தலை சுற்றுகிறது. எது வாங்குவது?

பதில்: 24 கலர் பென்சில், ஒரு நல்ல ஷார்ப்னர், கொஞ்சம் கனமான தாளில் அச்சடித்த ஒரு புத்தகம். இவ்வளவு போதும். 120 பென்சில் உள்ள பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பென்சிலில் மெழுகு கலந்தது, எண்ணெய் கலந்தது என்று இரண்டு வகை உண்டு. மெழுகு வகை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், சீக்கிரம் நிறம் பிடிக்கும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், உடையவும் உடையும். எண்ணெய் வகை கொஞ்சம் கெட்டி, கூர்மை நிற்கும், சின்னச் சின்ன மூலைக்குள் போக வசதி. முதல் பென்சிலுக்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பென்சிலைக் கீழே மட்டும் போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குச்சி துண்டு துண்டாகிவிடும், அப்புறம் சீவச் சீவ முனை விழுந்துகொண்டே இருக்கும்.

பென்சிலைவிடத் தாள் முக்கியம் என்பேன். பிரிண்டரில் போடுகிற சாதாரணத் தாள் 80 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் எடை. அதில் பென்சில் இரண்டு தடவை போனதும் வழவழப்பாகி, மூன்றாவது நிறம் ஒட்டாது. 120-க்கு மேல் இருக்கிற, விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கிற தாள் என்றால் நாலைந்து அடுக்கு தாராளமாக வாங்கும்.

அடுக்கு என்றால் என்ன என்று ஒரே ஒரு இலையில் செய்து பாருங்கள், கட்டைவிரல் நகம் அளவு இலை போதும். வெளிர்பச்சை பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், தாளைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இலை முழுவதும் போடுங்கள். உற்றுப் பார்த்தால் தாளின் வெள்ளைப் புள்ளிகள் ஊடே தெரியும், தெரியட்டும். அடுத்து அடர்பச்சையால் நடுநரம்பை ஒட்டி ஒரு பக்கம் மட்டும். மூன்றாவதாக, நரம்பும் காம்பும் சேருகிற மூலையில் கருஞ்சிவப்பு ஒரு துளி. ஆமாம், பச்சை இலையில் சிவப்புதான், கறுப்பைப் போட்டால் அந்த இடம் ஓட்டை விழுந்த மாதிரி செத்துக் கிடக்கும், சிவப்பு பச்சையோடு கலந்து நிழலாகிவிடும். கடைசியில் திரும்ப அந்த வெளிர்பச்சையையே எடுத்து நன்றாக அழுத்தி இலை முழுக்கத் தேய்த்தால் வெள்ளைப் புள்ளிகள் மறைந்து, மூன்றும் ஒன்றோடொன்று இழைந்து, இலைக்கு ஒரு மினுமினுப்பு வரும். இப்படிக் கடைசியில் அழுத்தித் தேய்ப்பதைப் பர்னிஷிங் என்பார்கள். எனக்கு முதல் தடவை அப்படி ஒரு இலை வந்தபோது எழுந்து போய் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

மார்க்கர் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஆல்கஹால் மார்க்கர் தாளை ஊடுருவிப் பின்பக்கம் இறங்கும், சில நேரம் அதற்கும் கீழே உள்ள பக்கத்துக்கும் போகும். நாலு சாயங்காலம் உட்கார்ந்து நான் முடித்த மீன் படம் ஒன்று, அதற்கு முந்தைய பக்கத்தில் போட்ட கருநீலத்தால் முழுவதும் புள்ளி புள்ளியாகிவிட்டது. அன்றைக்கு ரொம்ப வருத்தம். அதிலிருந்து எதைத் தொடங்கினாலும் அடியில் ஒரு கெட்டி அட்டையைச் சொருகிவிட்டுத்தான் தொடங்குகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: எல்லோரும் ரிலாக்ஸ் ஆகிறது என்கிறார்கள், எனக்கு எதிராக நடக்கிறது. எந்தக் கலர் போடுவது என்று யோசித்து யோசித்துப் படபடப்பு வருகிறது. தப்பாகப் போட்டுவிட்டால் பக்கமே கெட்டுப்போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லவே இல்லை. எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து பழகியவர்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம் வரும், என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

தேர்வைக் குறைத்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவிலிருந்து நாலு பென்சில் எடுங்கள், மீதியை மூடி வேறு இடத்தில் வையுங்கள். அந்த நாலு நிறத்திலேயே முழுப் படத்தையும் முடிக்க வேண்டும், முகம் நீலமாக வந்தாலும் பரவாயில்லை. நாலே நிறம் திரும்பத் திரும்ப வரும்போது படம் தானாக ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும், நூறு நிறம் போட்டதைவிட அழகாகவே இருக்கும். இன்னொன்று, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லாப் பென்சிலையும் ஒரு சின்னக் கட்டம் அளவு தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் மேலே பூசியிருக்கிற நிறமும் தாளில் விழுகிற நிறமும் பல சமயம் வேறு வேறாக இருக்கும், பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது.

அப்புறம், புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கோட்டைத் தாண்டி, கன்னாபின்னாவென்று. ஒரு பக்கம் கெட்டாயிற்று என்றால் மற்ற பக்கங்கள் மீதுள்ள பயம் போய்விடும்.

கேள்வி: முடித்த படத்தின் மேல் சில வாரம் கழித்து வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை இல்லை, மெழுகு. மெழுகு வகைப் பென்சிலால் அழுத்தமாகத் தீட்டிய இடங்களில் மெழுகு மெல்ல மேலே எழும்பி வரும், அடர் நிறங்களில் நன்றாகத் தெரியும். மெத்தென்ற பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். திரும்ப வராமல் இருக்க, நிறத்தைத் தாளிலேயே பிடித்து வைக்க ஓவியர்கள் பயன்படுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடிக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். சட்டம் போட்டு மாட்டப்போகிறீர்கள் என்றால் நேரடி வெயில் படாத சுவராகப் பாருங்கள். சில நிறங்கள், முக்கியமாக ரோஸும் ஊதாவும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

கேள்வி: எனக்கு வயது 68, பணி ஓய்வு பெற்றவன். மனைவிதான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் மூட்டு வலிக்கிறது, கண்ணும் எரிகிறது. விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம் ஐயா, உட்காரும் விதத்தை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். முதலில் அந்த ஒரு மணி நேரத்தை மூன்று இருபது நிமிடமாக உடைத்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, இருபது அடி தூரத்தில் இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள், கண் மருத்துவர்கள் சொல்கிற வழிதான் இது. அந்த நேரத்தில் கையையும் உதறிக்கொள்ளலாம்.

விரல் வலிக்குப் பெரும்பாலும் காரணம் மெல்லிய பென்சிலை இறுக்கிப் பிடிப்பது. முக்கோண வடிவில் தடிமனாக வருகிற பென்சில்கள் உண்டு, அல்லது பென்சில் மேல் மாட்டுகிற ரப்பர் உறை கிடைக்கும், பிடி தளரும். மெழுகு வகை மெத்தென்ற பென்சில் உங்களுக்குப் பொருத்தம், அழுத்தாமலே நிறம் இறங்கும். புத்தகத்தைத் தட்டையாக வைக்காமல் பின்னால் இரண்டு தடிப்புத்தகம் கொடுத்துச் சாய்வாக வைத்தால் கழுத்து குனியாது. வலது கைக்காரர் என்றால் விளக்கு இடது பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் கை நிழல் படத்தில் விழாது. பெரிய பெரிய வடிவங்கள் உள்ள படமாக எடுத்துக்கொள்ளுங்கள், நுணுக்கமான படம்தான் உயர்ந்தது என்று ஒன்றும் கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் மூட்டு வலி போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். அதனால் என்னோடு சேர்ந்து உட்காரத் தயங்குகிறார். ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. ஒவ்வொரு பென்சில் மேலேயும் நிறத்தின் பெயர் அச்சடித்திருக்கிற செட் வாங்குங்கள், இல்லையென்றால் நீங்களே சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களிடம்தான் இது அதிகம், ஆகவே அவர் ஒருவர் மட்டும் இல்லை. அவர்களில் பலருக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே பிடிபடும். ஒரே நீலத்தில் ஐந்து படிநிலை வைத்து ஒரு படம் செய்யச் சொல்லுங்கள், நீங்களும் அதே படத்தை அதே ஐந்து பென்சிலால் செய்யுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறேன். வேலைக்குப் போய் வருவதைத் தவிர யாரோடும் பெரிதாகப் பேச்சு இல்லை. கலரிங் பிடித்திருக்கிறது. இதையே நாலு பேரோடு சேர்ந்து செய்ய முடியுமா? கூப்பிட்டால் யாராவது வருவார்களா, வந்தால் என்ன பேசுவது?

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

வருவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடையாது. ஏனென்றால் இங்கே பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண் தாளில் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது. நடுவில் பத்து நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது சங்கடமான மௌனமாக இருக்காது. எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச முடியாத விஷயங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

எங்கள் குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். வந்த முதல் மூன்று வாரமும் "அந்த ஊதாவைக் கொஞ்சம் தள்ளுங்க" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நாலாவது வாரம், ஒரு பூவின் நடுவில் மஞ்சள் வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்" என்றார். யாரும் "அடடா" என்று பென்சிலைப் போட்டுவிட்டு அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும், "அவருக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று கேட்டார். அதிலிருந்து ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார், நாங்கள் தீட்டிக்கொண்டே கேட்டோம். அன்றைக்கு அவர் முடித்த பக்கம் முழுக்க வெளிர்நீலம்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால், உங்களையும் சேர்த்து நாலு பேர் போதும். அலுவலகத்தில் ஒருவர், குடியிருக்கிற கட்டடத்தில் ஒருவர், இப்படித் தேடுங்கள். உங்கள் பக்கத்துப் பொது நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள், பல நாடுகளில் நூலகங்களே பெரியவர்களுக்குக் கலரிங் நேரம் நடத்துகின்றன, இல்லாவிட்டாலும் ஒரு மேஜையாவது தருவார்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், ஒன்றரை மணி. இது மாறக்கூடாது, மாற ஆரம்பித்தால் மூன்றாவது வாரமே குழு கலைந்துவிடும். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றாலும் நடத்திவிடுங்கள்.

பென்சில்களை எல்லாம் மேஜை நடுவில் கொட்டிவிட வேண்டும். அவரவர் டப்பாவை அவரவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் அது நாலு பேர் தனித்தனியாக உட்கார்ந்த மாதிரிதான். நடுவில் இருந்தால் கேட்க வேண்டும், தள்ள வேண்டும், சீவிக் கொடுக்க வேண்டும், பேச்சு அங்கே பிறக்கும். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொடுங்கள். முடிவில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு வேறு படமாக இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் பேசலாம். பழகிய பிறகு பக்கத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது பக்கம் இருப்பவரிடம் கைமாற்றிவிடுகிற விளையாட்டை ஆடிப் பாருங்கள், "என் படம்" என்ற பிடிப்பு தளரும். விதி என்று நாங்கள் வைத்திருப்பது ஒன்றுதான்: அடுத்தவர் கேட்காமல் அவர் பக்கத்துக்கு யோசனை சொல்லக்கூடாது.

ஒரு புத்தகத்தை வாங்கி நாலு பேருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். வரைந்தவரின் உழைப்பு அது, அவர் அனுமதிக்காமல் நகல் எடுப்பது முறையில்லை, சட்டப்படியும் தவறாகலாம். அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று ஓவியர்களே இலவசமாகத் தருகிற படங்கள் நிறைய உண்டு, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய தாவரப் படங்களும் உண்டு, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போனில் கலரிங் ஆப் பயன்படுத்துகிறேன். எண்ணைத் தொட்டால் நிறம் வந்துவிடுகிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அது நல்ல துணைதான். எண்ணைப் பார்த்து நிறம் போடுவதே பழைய யோசனை, 1950-களில் அமெரிக்காவில் டேன் ராபின்ஸ் என்பவர் உருவாக்கிய எண் போட்ட ஓவியப் பெட்டிகள் ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஆப்பில் உங்கள் விரல் தொடுவதோடு சரி. அழுத்தம் கூட்டிக் குறைப்பது, பென்சில் தாளில் உரசுகிற சத்தம், முனை மழுங்கிப் போவது, இந்த மூன்றும் அதில் இல்லை, என்னை மேஜையில் உட்கார வைப்பதே இந்த மூன்றும்தான். அதோடு அதே போனில்தான் ஆபீஸ் மெசேஜும் வருகிறது.

கேள்வி: மூன்று மாதமாகச் சரியாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கலரிங் செய்யும் நேரத்தில் மட்டும் நிம்மதி. டாக்டரிடம் போகச் சொல்கிறாள் தங்கை. கலரிங்கே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தங்கை சொல்வதைக் கேளுங்கள் அம்மா. இந்த வாரமே போங்கள், தள்ளிப்போடாதீர்கள், போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று மாதம் என்பது நீண்ட காலம், இதற்கு மருத்துவத்தில் நல்ல வழிகள் இருக்கின்றன.

கலை வழி சிகிச்சை என்று ஒன்று உண்டு, அது அதற்கென்று படித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் உங்களோடு உட்கார்ந்து செய்வது. நாம் வீட்டில் செய்கிற கலரிங் அது இல்லை. 2017-ல் அமெரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனியாகக் கலரிங் செய்தபோதும் அழுத்தம் குறைந்தது, சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க இஷ்டப்படி வரைந்து உருவாக்கியபோது அழுத்தம் குறைந்ததோடு, "என்னால் முடியும்" என்ற உணர்வும் கூடியது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. கலரிங்கை விடாதீர்கள், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதுகூடச் செய்யலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நிஜமாகவே காத்திருப்பேன்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. ஒரு வருடமாக என்னோடு பேசுவதே இல்லை, கேட்டால் "ம்", "சரி", அவ்வளவுதான். நான் சாப்பாட்டு மேஜையில் கலரிங் செய்யும்போது நின்று பார்த்துவிட்டுப் போகிறான். கூப்பிடலாமா?

பதில்: கூப்பிடாதீர்கள். "வா, வந்து உட்கார்" என்றதும் அது இன்னொரு வேலையாகிவிடும், இன்னும் தூரம் போவான். நின்று பார்க்கிறான் என்றீர்களே, அதுவே பெரிய விஷயம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து விரிகிற பெரிய படமாக ஒன்று எடுங்கள். காடு, நகரத்துக் கட்டடங்கள், எந்திரங்கள், அவன் கண் போகிற மாதிரி ஏதாவது. இடது பக்கத்தில் மட்டும் தீட்டுங்கள், வலது பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பென்சில் டப்பா வலது பக்கம் இருக்கட்டும், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கட்டும். தினமும் அதே நேரம் உட்காருங்கள். ஏதாவது ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கும்போது வலது பக்க மூலையில் ஒரு ஜன்னலுக்கோ ஒரு சக்கரத்துக்கோ நிறம் ஏறியிருந்தால், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி அவன் எடுத்த அந்தப் பென்சிலைக் கூர்மையாகச் சீவி, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.